டப்பாவுக்குள் ஒரு கைப்பிடி மண்: உருண்டைப்பூச்சி வளர்ப்பைப் பற்றி



வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள் என்று கேட்டால் நாய், பூனை, லவ் பேர்ட்ஸ், மீன் தொட்டி என்று பதில் வரும். பூந்தொட்டியை நகர்த்தியதும் அதன் அடியிலிருந்து நாலைந்தாகக் கிளம்பி ஓடுகிறதே, விரல் பட்டதும் சிறு பட்டாணியைப் போலச் சுருண்டுகொள்கிறதே, அந்தச் சாம்பல் நிற உயிரை யாரும் சொல்ல மாட்டார்கள். பலர் அதற்கு ஒரு பெயர்கூட வைத்திருப்பதில்லை. இந்த உரை முழுவதும் அதை உருண்டைப்பூச்சி என்றே அழைக்கப்போகிறேன், அந்தப் பெயரில் பிழை இருக்கிறது என்று தெரிந்தே. பூச்சிக்கு ஆறு கால், இதற்குப் பதினான்கு. அப்படியானால் மரவட்டையா என்றால் அதுவும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் சுருண்டால் கோலிக்குண்டு போலத் தெரியும் உருண்டை மரவட்டைகள் இருக்கின்றன. அவற்றின் பெரும்பாலான வளையங்களில் இரண்டிரண்டு ஜோடிக் கால்கள் இருக்கும். உருண்டைப்பூச்சிக்கு மொத்தமே ஏழு ஜோடிதான். இது நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. கடலைவிட்டு ஏறி வந்து, நிலத்திலேயே தங்கிவிட்ட கிளை. இதை வீட்டில் வளர்க்கலாம் என்று சொல்ல வந்திருக்கிறேன். அழகுக்காகவோ பாசத்துக்காகவோ சொல்லவில்லை. மண் எங்கிருந்து வந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இதை ஒரு மாதம் உயிரோடு வைத்திருப்பது கடினம். தென்பெண்ணை ஆற்றின் கெலவரப்பள்ளி அணையைப் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்கு அந்தக் கேள்வி மற்ற ஊர்க்காரர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வேண்டியிருக்கிறது.

சின்ன உயிர்களை வளர்ப்பது நமக்குப் புதிதில்லை. தீப்பெட்டிக்குள் பொன்வண்டை அடைத்து, இலையைக் கிள்ளிப் போட்டு, முட்டையிடுமா என்று காத்திருக்காத தலைமுறை தமிழ்நாட்டுக் கிராமங்களில் குறைவு. மழை விட்டதும் செம்மண்ணில் ஊரும் சிவப்பு வெல்வெட் பூச்சிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்ட கைகளும் நிறைய. அந்த வளர்ப்பில் ஒரு குறை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெல்வெட் பூச்சி என்ன தின்னும் என்று யாரும் விசாரித்ததில்லை. டப்பாவில் புல்லைப் போட்டோம், அது புல் தின்னும் உயிரே இல்லை. பொன்வண்டுக்கு இலை கிடைத்தது, ஆனால் தீப்பெட்டியில் அதன் முட்டைக்கும் புழுவுக்கும் வழி இல்லை. ஆக நாம் செய்தது வளர்ப்பு இல்லை, நாலு நாள் சிறைவைப்பு. ஜப்பானில் இந்தப் பழக்கம் ஒரு படி மேலே போயிருக்கிறது. அங்கே மழலையர் பள்ளிக் குழந்தைகள் உருண்டைப்பூச்சியை மண்ணோடும் சருகோடும் பெட்டியில் வைத்து, குஞ்சு பொரிப்பதுவரை பார்க்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழந்தைகள் தம் ஊர்ப் பிராணி என்று கொண்டாடும் ஆர்மடில்லிடியம் வல்கரே ஐரோப்பாவின் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கப்பல் சரக்கோடு உலகம் சுற்றிய வகை. நம் எருக்குழிகளில் சுருளாமல் விரைந்து ஓடும் நீலச்சாம்பல் நிற போர்செலியோனிடிஸ் புரூயினோசஸும் அதே திசையிலிருந்து கிளம்பி வெப்ப நாடுகள் எங்கும் குடியேறியதுதான்.

இந்த உயிரின் உடலமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதம் முழுவதும் அதில்தான் நிற்கிறது. பூச்சிகளின் ஓட்டின்மேல் மெழுகுப் பூச்சு உண்டு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் அது காக்கும். உருண்டைப்பூச்சிக்கு அப்படிப்பட்ட நல்ல மெழுகுப் பூச்சு கிடையாது. வெயிலில் விட்டால் உப்பில்லாக் கருவாடாகக் காய்ந்துபோகும். மூச்சு விடுவது வயிற்றுப்புறத்தின் பின்பகுதியில் உள்ள தகடுபோன்ற கால்களால். அவை செவுள்களின் மிச்சம். ஒன்றை மல்லாத்திப் பாருங்கள், பின்பக்கத்தில் சிறு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். காற்று புகும் நுண்குழாய்கள் அங்கே இருக்கின்றன. நிலத்துக்கு வந்த பிறகு தேடிக்கொண்ட நுரையீரல் என்று சொல்லலாம். அதுவும் ஈரமாக இருந்தால்தான் வேலை செய்யும். இது சிறுநீர் கழிப்பதில்லை. கழிவு நைட்ரஜனை அம்மோனியா வாயுவாகவே உடலிலிருந்து விட்டுவிடுகிறது. டப்பா மூடியில் துளை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். நில நண்டுகளில் பல, குஞ்சு பொரிக்கக் கடலுக்குத் திரும்பிப் போகின்றன. உருண்டைப்பூச்சி அப்படிப் போக வேண்டியதில்லை. தாயின் மார்புக்கு அடியில் நீர் நிறைந்த ஒரு பை இருக்கிறது; முட்டைகள் அதற்குள் பொரிந்து, ஆறு ஜோடிக் கால்களோடு வெள்ளைப் பொடிகளாக வெளியே வருகின்றன. ஏழாவது ஜோடி பிறகு தோல் உரித்த பின்தான் வரும். கடலை விட்டுவந்த உயிர், கையளவுகூட இல்லாத ஒரு துளிக் கடலைத் தன்னோடு சுமந்துகொண்டே திரிகிறது.

தோல் உரிப்பதைப் பார்ப்பதற்காகவே ஒரு டப்பா வைத்துக்கொள்ளலாம். பாம்பு சட்டையை உரிப்பதுபோல ஒரே வீச்சில் உரிப்பதில்லை. முதலில் பின்பாதி, ஒருநாள் ஒன்றரை நாள் கழித்து முன்பாதி. ஓட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தை வீணாக்க மனமில்லாமல், உரிக்கும் முன்பே அதை இழுத்து, முன்பாதியின் அடிப்பக்கத்தில் வெள்ளைத் தகடுகளாகச் சேர்த்து வைக்கிறது. நடுவில் உள்ள அந்த ஒருநாளில் பார்த்தால் முன்பாதி ஒரு நிறமும் பின்பாதி வேறு நிறமுமாக, இரண்டு பிராணிகளை ஒட்டவைத்ததுபோல இருக்கும். உரித்த தோலைத் தானே தின்றுவிடும். தன் கழிவையும் மீண்டும் தின்னும். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல்: அதன் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு இல்லை, தாமிரம். ஹீமோசயனின் என்ற அந்தப் பொருளுக்காகத் தாமிரத்தைச் சேர்ப்பது அதன் பிழைப்பு. ஒருமுறை தின்று கழித்ததை மறுபடி தின்றால் விட்டுப்போன தாமிரம் கிடைக்கும். இந்தத் தாமிரப் பசி பின்னால் முக்கியமாகப் போகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சோதனையைப் பள்ளிக் குழந்தையே அட்டைப் பெட்டியை வெட்டிச் செய்துவிடலாம். சிறு பாதை ஒன்று அமைத்து, முதல் திருப்பத்தில் வலப்புறம் மட்டுமே போக முடியும்படி வையுங்கள். அடுத்து வரும் கிளையில் இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும். உருண்டைப்பூச்சி பெரும்பாலும் இடப்புறம் திரும்பும். முதலில் இடப்புறம் திருப்பியிருந்தால் இப்போது வலப்புறம். மாறி மாறித் திரும்புவதால் ஆபத்தைவிட்டு ஏறக்குறைய நேர்கோட்டில் விலகிப் போக முடிகிறது. திரும்பும்போது ஒருபக்கக் கால்கள் அதிகம் உழைத்துவிடுவதால் அடுத்த முறை மறுபக்கம் முந்திக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். ஜப்பானியப் பள்ளிகளில் இது வழக்கமான செய்முறை. நம் அறிவியல் கண்காட்சிகளில் எரிமலை மாதிரியையும் சோலார் வீட்டையும் தவிர வேறு ஒன்றும் வைக்கக்கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை.

மறுப்புகளுக்கு வருகிறேன். அருவருப்பு, நோய், பயிர் நாசம் என்று மூன்று சொல்வார்கள். அருவருப்பு பழக்கத்தைப் பொறுத்தது. இறாலைத் தொக்கு வைத்துச் சாப்பிடுகிற வீட்டில் அதன் பங்காளியைப் பார்த்து அலறுவது கொஞ்சம் அதிகப்படி. நோய் விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. இது கடிக்காது, கொட்டாது, கொசுவையோ ஈயையோபோல மனிதருக்கு நோய் பரப்பும் உயிரும் அல்ல. மண்ணைத் தொட்ட கையைக் கழுவுவதுபோலக் கழுவினால் போதும். மூன்றாவது மறுப்பு கனமானது. முதன்மை உணவு மக்கிய சருகுதான் என்றாலும் இளநாற்றின் தண்டையும் மண்ணில் படும் பழத்தையும் இது கடிக்கும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், உழாமல் அறுவடைத் தாளை வயலிலேயே விட்டு விதைக்கும் சோயா நிலங்களில் முளைகளை இது அழித்தது பதிவாகியிருக்கிறது. அமுதகொண்டபள்ளி போன்ற இடங்களில் பசுமைக்குடில்களில் ரோஜா வளர்த்து ஏற்றுமதி செய்கிற வட்டாரம் இது. ஈரமும் நிழலும் உள்ள பசுமைக்குடில் எந்த உருண்டைப்பூச்சிக்கும் மாமியார் வீட்டு விருந்து. இந்த மறுப்பை நான் தள்ளிவிடப் போவதில்லை. வேறு இடத்து உருண்டைப்பூச்சியைக் கொண்டுவராதீர்கள், வளர்த்ததைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள் என்பதற்கு இதுவே காரணம். உங்கள் தொட்டிக்கு அடியில் ஏற்கெனவே இருப்பதை எடுத்து வளர்த்தால் ஊருக்குப் புது விருந்தாளி யாரும் வரவில்லை.

இங்கேதான் கடைச்சரக்கைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. உலகெங்கும் இப்போது உருண்டைப்பூச்சி ஒரு வியாபாரம். தாய்லாந்தின் சுண்ணாம்புக் குகைகளிலிருந்து வந்த, மஞ்சள் முகத்தோடு வாத்து பொம்மையைப் போலிருக்கும் க்யூபாரிஸ் வகை ஒன்று ரப்பர் டக்கி என்ற பெயரில் ஒற்றைப் பூச்சிக்கே பெரும் விலை பெற்றது. அது மெதுவாகப் பெருகும் இனம். ஒரு மலைக் குகையில் மட்டும் வாழும் உயிர் ஒன்றைப் பிடித்து விற்கத் தொடங்கினால், கணக்கெடுப்பதற்கு முன்பே குகை காலியாகிவிட வாய்ப்பு உண்டு. பூச்சியோடு ஒட்டிக்கொண்டு அயல்நாட்டு மண்ணும் வரும். அனுமதியின்றி மண் வருவதை நம் தாவரத் தனிமைக் காப்பு விதிகள் தடுப்பதற்குக் காரணம் அதில் ஒளிந்திருக்கும் நூற்புழுவும் பூஞ்சையும். நிறத்தைப் பார்த்து மயங்குபவர்களுக்கு இன்னொன்று: சாதாரண உருண்டைப்பூச்சி ஒன்று திடீரென்று மின்னும் ஊதா நிறத்துக்கு மாறினால் அரிய ரகம் கிடைத்துவிட்டது என்று குதிக்க வேண்டாம். அது இரிடோவைரஸ் தொற்று. உடலுக்குள் வைரஸ் படிகம்போல அடுக்கி நிற்பதால் வருகிற மினுக்கம். அந்தப் பூச்சி விரைவில் செத்துவிடும். விலை கொடுத்து வாங்கும் வளர்ப்பில் பிராணி கையில் வரும், அதன் மண் கையில் வராது. எனக்கு அந்த வளர்ப்பில் அக்கறை இல்லை.

இனி அணைக்கு வருவோம். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்ற பெயரோடு பெங்களூரின் கிழக்குப் புறத்தைச் சுற்றி, அந்த நகரத்தின் கழிவையும் வாங்கிக்கொண்டு, கொடியாளம் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 44.28 அடி முழு நீர்மட்டம் உள்ள கெலவரப்பள்ளி அணையில் வந்து தேங்குகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழிந்தால் சேர்வது இந்த ஆற்றில்தான். பெல்லந்தூர் ஏரி 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பிடித்து எரிந்ததையும், 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் விதித்ததையும் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். மதகைத் திறக்கும் நாட்களில் கீழே பஞ்சுப் பொதிபோல நுரை எழும். சலவைத் தூளிலும் சோப்பிலும் உள்ள நுரைப்பொருள் நீரில் கலந்து வந்து, மதகு வழியே விழும்போது காற்றை வாங்கிக்கொண்டு உப்புவதுதான் அது. எல்லோர் கண்ணும் நுரையின்மேல் இருக்கிறது. நுரை தெரிகிறது, கேமராவுக்கும் நன்றாக இருக்கிறது. தொழிற்சாலைக் கழிவில் வரக்கூடிய துத்தநாகமும் ஈயமும் காட்மியமும் நுரைப்பதில்லை. அவை வண்டலோடு அடியில் போய்ப் படியும்.

இந்த உலோகக் கதையில் உருண்டைப்பூச்சியின் குடும்பத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்குப் பக்கத்தில் ஏவன்மௌத் என்ற இடத்தில் துத்தநாகமும் ஈயமும் உருக்கும் ஆலை ஒன்று 2003 வரை ஓடியது. அதைச் சுற்றியுள்ள மண்ணிலும் சருகிலும் வாழ்ந்த மரப்பேன்களை, அதாவது சுருளத் தெரியாத உருண்டைப்பூச்சிகளை, ஸ்டீபன் ஹாப்கின் என்ற விலங்கியலாளரும் அவருடைய சகாக்களும் 1980களில் ஆராய்ந்தார்கள். உடல் எடையில் சிறு பங்கே ஆன செரிமானச் சுரப்பியில் உலோகங்களின் பெரும்பங்கு குவிந்திருந்தது. தாமிரத்துக்காக ஏங்கும் உடல், அதைச் சேர்க்கும் அதே சுரப்பியில் காட்மியத்தையும் ஈயத்தையும் சிறு மணிகளாக உறையவைத்துப் பூட்டிவிடுகிறது. போர்செலியோ ஸ்கேபர் என்ற இனத்தைத் துத்தநாகம், காட்மியம், ஈயம், தாமிரம் நான்குக்கும் மாசுகாட்டியாகப் பயன்படுத்தலாம் என்று அவர்கள் 1986இல் எழுதினார்கள். தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதித்தால் கிடைப்பது நடப்புக் கணக்கு. அன்று காலை ஓடியது மட்டும் தெரியும். மண்ணில் ஊரும் உயிரின் சுரப்பி சேமிப்புக் கணக்கு.

அப்படியானால் வீட்டு டப்பாவில் நாலு உருண்டைப்பூச்சி வைத்து ஆற்றின் மாசை அளந்துவிடலாமா? முடியாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆர்வக்கோளாறில் சிலர் நேர் எதிரான முடிவுக்குப் போய்விடுவார்கள். உலோகத்தைப் பூட்டிவைக்கத் தெரிந்த உயிர், உலோகம் மிகுந்த மண்ணிலும் பிழைத்துக் கிடக்கும். பூச்சி நன்றாகத்தானே இருக்கிறது, மண்ணும் நன்றாக இருக்கும் என்று நினைப்பது ஏமாற்று. அது உயிரோடு இருப்பது மண்ணுக்கு நற்சான்று ஆகாது. அளவு தெரிய வேண்டுமானால் ஆய்வுக்கூடக் கருவி வேண்டும். பின் எதற்கு டப்பா என்றால், எதைக் கேட்க வேண்டும் என்று அது பழக்கிவிடுகிறது. இந்தச் சருகு எந்த மரத்தடியில் கூட்டியது, அந்த மரம் சாலையோரமா, இந்த மண்ணை லாரியில் கொண்டுவந்தவர் எந்த ஏரியில் எடுத்தார், பூச்சிமருந்து அடித்த தோட்டமா என்று ஒவ்வொன்றாக விசாரித்துத்தான் டப்பாவை நிரப்ப முடியும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் நாடு முழுக்க நின்றுபோனது; பெங்களூர் நெடுஞ்சாலையின் ஓர மண்ணில் அதற்கு முன்பு படிந்த ஈயத்துக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை. இதே கேள்விகளை மொட்டைமாடியில் கீரைப்பாத்தி போடும் குடும்பமும் கேட்க வேண்டும். அங்கே கேட்பதில்லை, கீரை எப்படியும் முளைத்துவிடுகிறது.

ஆறு நாறிக்கொண்டிருக்கும்போது டப்பாவில் பூச்சி வளர்ப்பது பொழுதுபோக்கு என்று ஒருவர் சொன்னால் நான் கோபிக்க மாட்டேன். ஆற்றைச் சரிசெய்வது இரண்டு மாநில அரசுகளும் சுத்திகரிப்பு நிலையங்களும் நீதிமன்றமும் செய்ய வேண்டிய வேலை. டப்பா அதற்கு மாற்று என்று எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிடும் அட்டவணையில் ஒரு உலோகத்தின் பெயரைப் படிக்கும்போது அது ஓர் உடலுக்குள் எங்கே போய் உட்காரும் என்று தெரிந்தவர் கேட்கும் கேள்வியும், தெரியாதவர் கேட்கும் கேள்வியும் வேறு. கொடுமை அல்லவா, காட்டு உயிரை அடைப்பது என்று இன்னொருவர் கேட்பார். பறவைக் கூண்டுக்கு எதிராக இந்தக் கேள்வி முழுதாக நிற்கும். வானத்தில் பறக்க வேண்டியதைக் கையகலக் கம்பிக்குள் வைக்கிறோம். ஒரு செங்கல்லின் அடியிலேயே வாழ்நாளைக் கழிக்கும் உயிருக்கு நாலு விரற்கடை மண்ணும் சருகும் உள்ள டப்பா அப்படிப்பட்ட சிறை இல்லை. அதற்குப் பிடித்தமில்லை என்றால் குஞ்சு பொரிக்காது, அதுவே பதில்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஸ்கிரீம் டப்பா போதும். மூடியில் ஊசியால் இருபது துளை. அடியில் நாலு விரற்கடை தோட்டத்து மண், மேலே பழுத்து உதிர்ந்து காய்ந்த புங்கை, மா, பலா இலை. தைலமர இலை வேண்டாம். ஒரு ஓட்டுச் சில்லை ஒளிந்துகொள்ள வையுங்கள், முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவுங்கள், வாரம் ஒருமுறை கேரட் துண்டு. ஒரு பாதியை ஈரமாகவும் மறு பாதியைக் காய்ந்தும் வையுங்கள்; எங்கே இருக்க வேண்டும் என்பதை அது முடிவு செய்யட்டும். ஜன்னல் வெயில் ஆகாது. பத்துப் பன்னிரண்டு பூச்சி ஒரே தொட்டியடியிலிருந்து எடுத்தவையாக இருக்கட்டும். திருப்பி விடுவதானால் அதே தொட்டியடியில். அணை வண்டலையும் வாய்க்கால் ஓர மண்ணையும் தொடாதீர்கள். தண்ணீருக்கு ஆற்றை நம்பாதீர்கள். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் 2013இல் திறந்துவைத்த ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்தான் நம் குழாயில் வருகிறது. அதைப் பிடித்து, குளோரின் வாசம் போக ஓர் இரவு திறந்துவைத்துத் தெளியுங்கள். தென்பெண்ணைக் கரையில் பிறந்த உருண்டைப்பூச்சி உங்கள் வீட்டில் குடிக்கப்போவது காவிரித் தண்ணீரை.